மச்சாளின்ர முதல் பாட்டுக்கு வீடியோவும் போஸ்டரும் செய்யிறன், உங்கட யோசனை வேணும்

நெத்தலியாறு:

எல்லாருக்கும் வணக்கம். நான் வவுனியாவில ஊடகக் கற்கை டிப்ளோமா ரெண்டாம் வருசம். ஊர் விசுவமடு. இந்த முறை எங்களுக்குத் தந்த வேலை, இன்னும் வெளியில தெரியாத ஒரு பாடகரைத் தெரிஞ்செடுத்து அவருக்கு ஒரு பாட்டு வீடியோவும், அவரை அறிமுகப்படுத்துற ஒரு படமும் செய்யிறது. வீடியோ 4 நிமிசத்துக்கு மேல போகக் கூடாது. படத்தை ஏ3 தாளில அச்சடிச்சுக் குடுக்கோணும், போனில பாக்கிற சதுர அளவிலயும் குடுக்கோணும். புரட்டாதிக் கடைசியில ஒப்படைக்கிறது. இப்ப லீவு, வீட்டை தான் நிக்கிறன்.

நான் தெரிஞ்செடுத்தது மாமான்ர மகளை. எனக்கு மச்சாள் முறை, 23 வயசு, கார்மென்ட்ஸில வேலை. அவ பாடுவா எண்டு வீட்டில எல்லாருக்கும் தெரியும். சொந்தமாப் பாட்டுக் கட்டுறா எண்டது போன வருசம் தான் எனக்கே தெரியும். தையல் மெசின் ஓடுற சத்தத்துக்குத் தனக்குள்ள முணுமுணுத்து, சாப்பாட்டு நேரத்தில போனில எழுதி வைச்சிருக்கிறா. என்ர தம்பி கீபோட் போட்டான், கூட ஒரு உடுக்கு. மெத்தையைச் சுவரில சாத்தி வைச்சு வீட்டு அறையிலயே பதிஞ்சம். 3 நிமிசம் 38 செக்கன். முழுப் பாட்டும் விடியப்புறம் வாற கார்மென்ட்ஸ் பஸ்ஸைப் பற்றித் தான். அதில ஒரு வரி வருது: "யன்னல் தூசியில என் நெத்தி பட்ட இடம் மட்டும் வெளிச்சம்". முதல் தரம் கேட்ட நேரம் எனக்கு அழுகை வந்திட்டுது.

என்ர பிரச்சினையள் இதுதான். கூடப் படிக்கிறவை எல்லாரும் சொல்லினம், இரணைமடுக் குளத்து வான்கதவடியில வைச்சு எடு, ட்ரோன் பிடி, வெள்ளைச் சாறி கட்டி அணைக்கட்டில நடக்க விடு எண்டு. இன்னொராள் இடிஞ்ச வீடு ஒண்டு பாக்கச் சொன்னா. மச்சாள் ரெண்டுக்கும் மாட்டன் எண்டிட்டா. "நான் ஒவ்வொரு நாளும் இருக்கிற சீற்றில தான் பாட்டு வந்தது" எண்டுறா. ஆனா பஸ் வாறது 5.40க்கு. அந்த நேரம் வெளிச்சம் காணுமோ? அவவுக்கு லீவு ஞாயிறு மட்டும். மாமி வேற, போஸ்டரில முகம் போடக் கூடாது, பேஸ்புக்கில ஆராரோ எடுத்து என்ன செய்வினமோ எண்டு பயப்பிடுறா. முகம் இல்லாமல் ஒரு புதுப் பாடகியை எப்பிடி அறிமுகப்படுத்துறது?

கையில இருக்கிறது என்ர போன், ரெண்டு நாளைக்கு இரவல் தரப்போற ஒரு கமரா, 12,000 ரூபா. தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.


கரைச்சிக் கமராக்காரன்:

தங்கச்சி, நான் கிளிநொச்சியில 2011ல இருந்து கலியாண வீடு, சாமத்திய வீடு, திருவிழா எண்டு வீடியோ எடுக்கிறன். பாட்டு வீடியோவும் ஏழெட்டு எடுத்திருக்கிறன். உங்கட மச்சாள் சொன்னது தான் சரி. இரணைமடுவில நானே எத்தினை மாப்பிளை பொம்பிளையை நடக்க விட்டிருப்பன் எண்டு கணக்கில்லை. வடிவான இடம், குளம் நிறைஞ்சு 36 அடி தண்ணி நிக்கேக்க அதைப்போல வேற இல்லை. ஆனா அந்தப் பாட்டில குளம் எங்க வருது? ட்ரோனும் வேண்டாம். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில பதிவு, அனுமதி எண்டு அலைச்சல். அதை விடுங்கோ, அந்தப் பிள்ளை ஊரைப் பாக்கிறது ஒரு யன்னலுக்குள்ளால. பாட்டு சீற்றில இருக்கேக்க கமரா ஏன் வானத்துக்குப் போகோணும்?

வெளிச்சத்தைப் பற்றிக் கேட்டனீங்கள். இப்ப ஆடி மாதம். சூரியன் 6 மணியடிக்கு வருது. அதுக்கு முன்னம் ஒரு 20 நிமிசம் வானம் நீலமா நிக்கும், நிழலே விழாது, முகத்தில வெளிச்சம் பால் மாதிரி இருக்கும். உங்கட பஸ் வாற 5.40 சரியா அதுக்குள்ள விழுது. இதே பஸ்ஸைத் தை மாதம் எடுக்கப் போனீங்கள் எண்டால் கும்மிருட்டு, அப்ப சூரியன் வர ஆறரையாகும். அதால பிந்த வேண்டாம்.

ஞாயிறு மட்டும் தான் லீவு எண்டுறீங்கள். அவ பஸ்ஸுக்குக் காத்து நிக்கிற 10 நிமிசம் கிழமையில ஆறு நாளும் இருக்குத் தானே. ஒரு விடியலுக்கு ரெண்டு சொட், அதாவது ரெண்டு காட்சித் துண்டு, அதுக்கு மேல ஆசைப்படாதேங்கோ. முதல் நாள் படலையைத் திறந்து வாறது. அடுத்த நாள் ஒழுங்கை முகப்பில நிக்கிறது. அடுத்த நாள் பஸ் வாறது. கிறவல் ரோட்டெண்டால் இந்தச் சோளகக் காத்துக்கு முதல் போன வாகனத்தின்ர புழுதி அடங்காமல் நிக்கும். அதுக்குள்ளால பஸ் லைட் ரெண்டும் வரேக்க ரெண்டு வெள்ளைத் தூண் படுத்திருக்கிற மாதிரித் தெரியும். காசு குடுத்துப் புகை மெசின் பிடிச்சாலும் அந்த வடிவு வராது. கமராவைப் பதிவா, முழங்கால் உயரத்தில வையுங்கோ.

போனைத் தானா ஓட விட வேண்டாம். இருட்டைக் கண்டால் அது ஐஎஸ்ஓவை, அதுதான் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுற அளவை, ஏத்தி ஏத்திப் படம் முழுக்க மணல் கொட்டின மாதிரி ஆக்கிப் போடும். பிளாக்மேஜிக் கமரா எண்டொரு செயலி இலவசமா இருக்கு, அதில எல்லாத்தையும் கையால பூட்டலாம். செக்கனுக்கு 25 பிரேம் (25 தனிப்படம்), சட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் விடுற நேரம், செக்கனில 50இல ஒரு பங்கு, ஐஎஸ்ஓ 800க்கு மேல விடாதேங்கோ. 25 எண்டு ஏன் சொல்லுறன் எண்டால் எங்கட கரண்ட் 50 ஹேர்ட்ஸ், செக்கனுக்கு 50 சுற்று. 30இலயும் 60இலயும் வைச்சு ரியூப் லைட்டுக்குக் கீழ எடுத்தால் படத்தில கறுப்புப் பட்டி ஓடும். கலியாண மண்டபத்தில நான் பட்டுத் தெளிஞ்ச விசயம் இது.

இன்னொரு பட்டறிவு. 2019ல ஒரு பெடியனுக்குப் பாட்டு எடுத்தனான். போனில எடுத்த துண்டுகளைக் கொண்டுவந்து பாட்டோட பொருத்தினால் முதல் சரணத்தில வாய் சரியா நிக்குது, மூண்டாவதில வாய் ஒரு பக்கம் பாட்டு ஒரு பக்கம். போன் பிரேம் வேகத்தைத் தன்ர பாட்டுக்குக் கூட்டிக் குறைச்சிருக்கு, நான் பாக்கேல்ல. ரெண்டு இரவு நித்திரை இல்லாமல் ஒவ்வொரு துண்டா வெட்டி ஒட்டினனான். அந்தப் பெடியன்ர முதல் பாட்டு, அதில என்ர கவலையீனத்தால ஒரு குறை விழுந்தது இண்டைக்கும் மனசில கிடக்கு. நீங்கள் வேகத்தை 25இல பூட்டி வைச்சிட்டு, எடுக்க முதல் 1 நிமிசம் சோதிச்சுப் பாருங்கோ.

பாட வைக்கேக்க பாட்டைச் சின்ன ஸ்பீக்கரில சத்தமாப் போடுங்கோ. போன் மைக்கும் அதைப் பிடிக்கும், பிறகு அந்தச் சத்தத்தை வைச்சுத் தான் உண்மையான பதிவோட பொருத்துறது. சோளகம் அடிக்குது, ஸ்பீக்கர் அவவுக்குக் கிட்ட, படத்துக்கு வெளியில இருக்கோணும். மச்சாள் வாயை மட்டும் அசைக்காமல் உண்மையாப் பாடோணும். சும்மா அசைச்சால் கழுத்து நரம்பு காட்டிக் குடுத்திடும்.

மெதுவா ஓடுற காட்சி வேணுமெண்டால் ஒரு வழி இருக்கு. 50 பிரேமில எடுத்து 25இல ஓட விட்டால் எல்லாம் பாதி வேகமாகும். அப்ப எடுக்கிற நேரம் பாட்டை ரெண்டு மடங்கு வேகத்தில போட்டு அவ அந்த வேகத்தில பாடோணும். பிறகு பாக்கேக்க உடம்பும் தலைமயிரும் உடுப்பும் மெதுவா அசையும், வாய் மட்டும் பாட்டோட சரியா நிக்கும். ரெண்டு மூண்டு நாள் பழக வேணும். அதுக்கு வெளிச்சமும் கூட வேணும், விடியப்புறம் சரிவராது, ஞாயிறு பின்னேரம் செய்யுங்கோ.

கடைசியா முக்கியமான ஒண்டு. கார்மென்ட்ஸுக்குள்ள எடுக்காதேங்கோ, வாசலிலயும் வேண்டாம். கழுத்தில தொங்கிற அட்டை, கொம்பனிப் பேர் போட்ட உடுப்பு, பையில இருக்கிற அடையாளம் எதுவும் தெரியக் கூடாது. பாட்டு வெளியில வந்து நாலு பேர் பாக்கேக்க அவவின்ர வேலைக்கு ஒரு கேள்வி வரக் கூடாது. தையல் காட்ட வேணுமெண்டால் வீட்டில காலால மிதிக்கிற மெசின் இருக்கோ?


நெத்தலியாறு:

அண்ணை, இவ்வளவு விபரமா எழுதினதுக்கு மிச்சம் நன்றி. மெசின் இருக்கு, மாமின்ர சீதன மெசின். இடம்பெயர்ந்த நேரம் தலையை மட்டும் கழட்டிக் கொண்டு போனவையாம், மேசையும் மிதியும் பிறகு வாங்கினது. அதில தான் மச்சாள் தைக்கப் பழகினவ. பஸ் டிரைவர் அண்ணை தர்மபுரத்து ஆள், ஞாயிறில பஸ் அவர் வளவில தான் நிக்கிறது. கேட்டுப் பாக்கிறன்.


மாங்குளம் சந்தி:

நான் இதே மாதிரி ஒரு வேலையைப் போன வருசம் குடுத்தனான். அண்ணை சொன்னதெல்லாம் சரி, ஆனா முழு வீடியோவும் நீலமா, இருட்டா இருந்தால் பாக்கிறவைக்குக் களைச்சுப் போகும். எனக்குப் புள்ளி குறைச்சதும் அதுக்குத் தான், எல்லாச் சொட்டும் ஒரே மாதிரி இருந்ததெண்டு. பாட்டு எங்க திரும்புதெண்டு பாத்து அந்த இடத்தில ஒரு வெயில் காட்சி வையுங்கோ. மற்றது, வீடியோவும் படமும் ஒரே ஆளின்ரை எண்டு கண்ட உடன தெரியோணும். ஒரே நிறம், ஒரே உடுப்பு, ஒரே ஒரு பொருளாவது ரெண்டிலயும் வரோணும். எடுக்க முதல் ஒவ்வொரு சொட்டையும் பென்சிலால கீறி வைச்சால் அறிக்கை எழுதேக்கயும் உதவும்.


முள்ளியவளை அக்கா:

பிள்ளை, கமரா விசயம் எனக்குத் தெரியாது. நான் கோயிலில பாடுறனான், கூத்துக்குப் பிற்பாட்டும் பாடியிருக்கிறன். முகத்தைப் பற்றிக் கேட்டீர், அதுக்குத் தான் எழுதுறன்.

எனக்கு 19 வயசில ஒரு நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டினம். ஆர் எண்டு சொல்ல மாட்டன். நோட்டீஸ் அடிக்கப் படம் வேணுமெண்டு என்னட்டைக் கேக்காமல், சொந்தக்காரற்ற கலியாண அல்பத்தில இருந்து என்ர படத்தை வெட்டி எடுத்துப் போட்டிட்டினம். பவுடர் அப்பி, இரவல் நகை போட்டு நிண்ட படம். முள்ளியவளையில இருந்து முல்லைத்தீவு வரை மதிலெல்லாம் ஒட்டியிருந்தது. நான் பாட்டுக்காரி எண்டு அந்தப் படத்தில ஒரு இடத்திலயும் இல்லை. அப்பா மூண்டு மாதம் பாட விடேல்ல. ஏழெட்டுப் பேர் சேந்து முடிவெடுத்த விசயத்தில என்னை மட்டும் ஒருத்தரும் கேக்கேல்ல எண்டது தான் இண்டு வரைக்கும் சுடுது. அதால உம்மட மாமி பயப்பிடுறதைப் பட்டிக்காட்டுத்தனம் எண்டு நினைக்காதையும். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கு.

ஆனா முகம் இல்லாமல் ஒரு பாடகியை ஊருக்குத் தெரிய வைக்கேலாது எண்டும் நினைக்காதையும். எங்கட பக்கம் கோவலன் கூத்து ஆடேக்க முந்திக் கண்ணகியாவும் ஆம்பிளையள் தான் ஆடுறது. பொம்பிளையள் பாடினது கோயில் வீதியில, வயலில, தொட்டிலடியில. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குச் சனத்துக்குள்ள நிண்டு ஒரு பொம்பிளை அம்மன் பாட்டெடுத்தால், ஆளைக் காணாமலே "அது இன்னாற்ற மகள்" எண்டு சொல்லுவினம். குரலுக்கு அவ்வளவு அடையாளம் இருக்கு.

என்ன காட்டலாம் எண்டு அவவிட்டையே கேளும். கேக்கிற முறையும் இருக்கு. "முகம் போடவோ விடவோ" எண்டு கேட்டால் பிள்ளை தாயைப் பாத்திட்டு வேண்டாம் எண்டிடும். அவ வேலையால வந்து இறங்கிற நேரம் நீர் ஒருக்கா வடிவாப் பாரும். என்ர பெறாமகளும் கார்மென்ட்ஸ் தான். பின்னேரம் வந்து இறங்கேக்க புருவத்தில, காதோர மயிரில எல்லாம் பஞ்சுத் தூசு நிக்கும். வெயில் பின்னால இருந்து பட்டால் தலையைச் சுற்றி வெள்ளி நூல் கட்டின மாதிரி இருக்கும். வலக்கைச் சுட்டுவிரலில ஊசி ஏறின தழும்பு ஒண்டிருக்கு, அவள் ஆரோடயும் கதைக்கேக்க பெருவிரலால அதைத் தடவிக்கொண்டே இருப்பாள். அதெல்லாம் முகத்தை விடக் கூடச் சொல்லும். படம் எடுக்கப் போறம் எண்டு பவுடர் போட்டு அந்தத் தூசைத் துடைச்சுப் போடாதையும்.

எதை எடுத்தாலும் வெளியில விட முதல் மாமிக்குக் காட்டும். போனில வேண்டாம், பெரிய திரையில, அவ இருந்து தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில.


பாமினி எழுத்து:

வவுனியாவில டிசைன் செய்யிறனான். போஸ்டரைப் பற்றி மட்டும் கொஞ்சம்.

ஏ3 அளவை 300 டிபிஐயில (அங்குலத்துக்கு 300 புள்ளி) செய்ய 3508க்கு 4961 பிக்சல் வேணும், சுத்திவர 3 மில்லிமீற்றர் கூட விட்டால் தான் வெட்டேக்க வெள்ளைக் கரை தெரியாது. சதுரப் படத்தை 3000க்கு 3000 வைச்சால் பாட்டு ஏத்திற இடம் எல்லாத்துக்கும் காணும். யூடியூப்பில வாற சின்னப் படம் 1280க்கு 720, அதின்ர வலப்பக்கக் கீழ் மூலையில ஒண்டும் எழுதாதேங்கோ, நேரம் காட்டுற பெட்டி வந்து மூடிடும். நீலம் திரையில மின்னும், தாளில மங்கும். விடியப்புற நீலம் எண்டால் இன்னும் கவனம். முழுசா அடிக்க முதல் ஏ4இல ஒண்டு அடிச்சுப் பாத்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுங்கோ.

எழுத்துத் தான் எல்லாரும் சறுக்கிற இடம். பழைய போட்டோசொப்பில யூனிகோட் தமிழ் (போனில அடிக்கிற பொது முறை) அடிச்சால் கொம்பும் அரவும் இடம் மாறி "கொ" உடைஞ்சு நிக்கும். அமைப்புக்குள்ள போய் எழுத்து முறையைத் தெற்காசிய மொழிகளுக்கு மாத்தினால் சரிவரும். கன அச்சகங்களில இன்னும் பாமினி எண்ட பழைய எழுத்துரு தான், நீங்கள் யூனிகோட்டில கொண்டு போனால் அங்க திரும்ப அடிக்கேக்க பிழை விடுவினம். அதால எழுத்தைப் படமாக்கி, பிடிஎப்பாக் குடுங்கோ. அவவின்ர பேரில ஒரு புள்ளி விடுபட்டால் கூட அது ஆயுசுக்கும் நிண்டிடும்.

எனக்குக் கேட்டால் எழுத்துருவே வேண்டாம். மச்சாளை ஒரு தாளில தன்ர பேரை இருபது முப்பது தரம் எழுதச் சொல்லுங்கோ. பேனையால வேண்டாம், துணியில குறிக்கிற தையல் சோக்கால. சோக் வெள்ளையெண்டால் தாள் கறுப்பா இருக்கட்டும். அதில நல்லதொண்டை எடுத்து வையுங்கோ.


நெத்தலியாறு:

எல்லாருக்கும் திரும்ப வணக்கம். பத்து நாளாப் பதில் போடேல்ல, மன்னிச்சுக் கொள்ளுங்கோ. நாலு விடியல் எடுத்து முடிஞ்சுது.

அக்கா சொன்ன மாதிரி ஒரு நாள் பின்னேரம் பஸ்ஸடிக்குப் போய் நிண்டனான். மச்சாள் இறங்க முதல் அவ இருந்த பக்கத்து யன்னலைப் பாத்தன். கிறவல் தூசி கண்ணாடி முழுக்க மஞ்சளாப் படிஞ்சிருக்கு. நடுவில ஒரு கை அகலத்துக்கு வட்டமாத் துடைபட்டு, அதுக்கு மேல எண்ணெய்த் தலை பட்ட ஒரு மெல்லிய கோடு. பாட்டில இருக்கிற இடம் அதுதான். கற்பனை எண்டு நினைச்சிருந்தன். நான் பாத்துக்கொண்டு நிக்கேக்க அந்த வட்டத்துக்குள்ளால அவவின்ர ஒரு கண்ணும் பாதி நெத்தியும் என்னைப் பாத்துது. போஸ்டர் அதுதான் எண்டு அந்த இடத்திலயே தெரிஞ்சிட்டுது.

ஞாயிறு டிரைவர் அண்ணை பஸ்ஸைத் தந்தார், யன்னலைக் கழுவ வேண்டாம் எண்டு முதலே சொல்லி வைச்சனான். வெளியில இருந்து எடுக்கேக்க கண்ணாடியில என்ர உருவமும் வானமும் தான் தெரிஞ்சுது. தம்பியும் டிரைவர் அண்ணையும் எனக்குப் பின்னால ஒரு கறுப்புப் போர்வையை விரிச்சுப் பிடிக்க அது மறைஞ்சு உள்ளுக்கு ஆள் தெளிஞ்சுது. கமரா தூசியைப் பிடிச்சுக் கொண்டு கண்ணை மங்கலா விட்டது, போகஸைக் கையால கண்ணில பூட்டினன். 61 படம் எடுத்தன், மூண்டு சரியா வந்திருக்கு.

மாங்குளம் சந்தி சொன்ன வெயில் காட்சிக்கு மாமின்ர மெசின். திண்ணையில பின்னேர வெயிலில வைச்சு, பாட்டை ரெண்டு மடங்கு வேகத்தில போட்டு எடுத்தம். மச்சாள் ஒரு கிழமை பழகினவ. மிதிக்கிற கால் மாமின்ரை. அவவே வந்து இருந்தா, நான் கேக்கேல்ல.

கறுப்புத் தாளில சோக்கால பேர் எழுத இருந்தம். என்ன பேர் எண்டது தான் இன்னும் முடிவாகேல்ல. வீட்டுப் பேரோ, பள்ளிக்கூடப் பேரோ, இல்லாட்டி ஊரையும் சேர்க்கிறதோ எண்டு மச்சாளும் மாமியும் கதைச்சுக் கொண்டிருக்கினம். படத்தை மாமிக்குக் கணினியில பெரிசாக் காட்டினன். கன நேரம் ஒண்டும் சொல்லேல்ல. பிறகு, "அந்த யன்னல் பூட்டாதோ, காலமை குளிரடிக்குமே" எண்டு மச்சாளைக் கேட்டா.

அண்ணை, ஒரு சந்தேகம். பஸ் லைட் வாற சொட்டில புழுதி நல்லா வந்திருக்கு, ஆனா லைட் ரெண்டும் வெள்ளைப் பொட்டா வெடிச்சு நிக்குது. பிறகு நிறம் சரி செய்யேக்க அதைக் குறைக்கலாமோ, இல்லாட்டி திங்கள் விடிய ஐஎஸ்ஓவை இறக்கித் திரும்ப எடுக்கவோ?


கரைச்சிக் கமராக்காரன்:

வெடிச்சது வெடிச்சது தான், பிறகு மீட்கேலாது. திங்கள் திரும்ப எடுங்கோ. ஐஎஸ்ஓ 400, சட்டரைத் தொடாதேங்கோ. மச்சாளை ரோட்டுக் கரையில ரெண்டடி தள்ளி நிப்பாட்டினால் லைட் அவவின்ர தோளுக்குப் பின்னால மறைஞ்சு வெளிச்சம் மட்டும் சுத்திவர வரும். நேரம் 5.35க்கே அங்க நில்லுங்கோ.